இரண்டாவது அறையில் குலசேகரன் சார்

மூன்றாவது முறை சொட்டு மருந்து விட்டுவிட்டு நர்ஸ் என் இமையைக் கட்டைவிரலால் கீழே இறக்கினாள். திறக்காதீங்கய்யா, கண்ணு நல்லா விரியணும், இன்னும் முக்கால் மணி ஆகும் என்றாள். அடுத்த நாற்காலிக்குப் போய் அதையே அதே குரலில் இன்னொருவருக்கும் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டதும் கண்ணைப் பற்றித்தான் கவலை வந்திருக்க வேண்டும், அதற்காகத்தானே வந்திருக்கிறேன், ஆனால் வந்தது அந்த வரி. ரூம் ஒன்று, ஸ்டானி அண்ணன், பரிதி. ரூம் ரெண்டு, குலசேகரன் சார், அவருக்கு ஓய்வு தேவை என்பதால். காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே போனை மூக்குக்கு நேராகப் பிடித்து அதை வாசித்தேன், வாசித்துவிட்டு ஆட்டோவில் ஏறினேன், ஆட்டோ தில்லைநகர் தாண்டும்வரைக்கும் எனக்கு ஓய்வு தேவை என்று யார் சொன்னது என்பதையே யோசித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் தையல்நாயகி பழைய ரிப்போர்ட்டுகள் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். என் மனைவி. முப்பத்தொரு வருஷம். இப்போதும் பக்கத்தில்தான் இருக்கிறாள், அவள் புடவையில் இருக்கும் மடிப்பு வாசனை வருகிறது, என் போன் அவள் கையில் இருக்கிறது, கண்ணை மூடியிருக்கச் சொன்னதும் அவளிடம்தான் கொடுத்தேன். ஏதாவது வந்தா வாசி என்று சொல்லியிருந்தேன். எது வந்தா என்று கேட்டாள். அந்தக் கோடியக்கரை குரூப்பில் எது வந்தாலும் என்றேன். அவள் ம் என்றாள். அந்த ம்-ல் என்ன இருந்தது என்று யோசிக்க எனக்கு அப்போது நேரமில்லை.

ஸ்டானியின் குறட்டை எனக்குத் தெரியும், வேறு யாருக்குத் தெரியும். பதினாலு டிசம்பர் பறவை பார்க்கப் போய் ஒரே அறையில் படுத்திருக்கிறோம், கோடியக்கரை வனவிடுதியில் ஜன்னல் கொக்கி உடைந்திருக்கும் அந்த அறையில், கொக்கிக்குப் பதிலாக நான் என் கேமரா பையின் வாரை இழுத்துக் கட்டுவேன். அவன் குறட்டை மெல்ல ஏறி உச்சியில் ஒரு கணம் நின்றுபோகும், நானும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன், அது இறங்கும்போது நானும் விடுவேன், அப்படியே தூங்கிப்போவேன். அந்தப் பையன் தூங்குவானா அதில். பையன் என்ன பையன், முப்பத்துநாலு வயசு, வீட்டில் உட்கார்ந்தே ஏதோ கம்ப்யூட்டர் வேலை, இளம்பரிதி என்று பெயர், ஒரு குழந்தையின் நீளத்துக்கு லென்ஸ் வைத்திருக்கிறான், அதைக் குழந்தையைப் போலவே துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வருவான். ஸ்டானியை அண்ணே என்பான். என்னை சார் என்பான். ஸ்டானிக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம். முதல் நாள் கரைவெட்டி ஏரிக்கரையில் அறிமுகமானபோது இரண்டு பேரையும்தான் சார் என்றான், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, மூன்றாம் நாள் ஸ்டானிக்கு அது அண்ணே ஆகிவிட்டது, எனக்கு இரண்டு வருஷமாக அப்படியே நிற்கிறது. நான் பாலிடெக்னிக்கில் வரைபடம் சொல்லிக்கொடுத்தவன், முப்பது வருஷம் பையன்கள் சார் என்று கூப்பிட்டுக் கேட்டவன், அதனால் என் முகத்திலேயே அது ஒட்டியிருக்கிறதோ என்னவோ. ஸ்டானி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன், அவனிடமும் நூறு பேர் வேலை பார்த்தார்கள், அவர்களும் அவனை சார் என்று சொல்லியிருக்க மாட்டார்களா. ஆனால் அவனைப் பார்த்தால் யாருக்கும் அண்ணே என்றுதான் வருகிறது. எனக்கே நீங்க என்பதிலிருந்து நீ-க்கு வர மூன்று வருஷம் ஆனது. மூன்று வருஷம். பரிதி மூன்று நாளில் வந்துவிட்டான்.

குளிர்பதனக் காற்று கணுக்காலில் படுகிறது. யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள், ஒரு சக்கரம் மட்டும் கீச்சென்கிறது. கண்ணுக்குள் மருந்து எரிந்து, எரிச்சல் அடங்கி, இப்போது ஒரு மாதிரி மரத்துப்போய் இருக்கிறது. மூடிய இமைக்குள் செம்பழுப்பு நிறம், அதில் மேலே ட்யூப்லைட் இருக்கிற இடம் மட்டும் கொஞ்சம் வெளிறி. அப்பா கடைசியில் இப்படித்தான் இருந்திருப்பாரா. அறுபத்திரண்டு வயதில் கண் அழுத்தம் என்றார்கள், ஓரத்திலிருந்து பார்வை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிப் போய்விட்டது, அவர் யாரிடமும் சொல்லவில்லை, ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் தூணில் மோதிக்கொண்டு வந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. எனக்கு ஐம்பத்தெட்டு. நானும் சொல்லவில்லை. ஆடி மாதத்திலிருந்து என் படங்களில் ஒரு கலங்கல் இருக்கிறது, ஒரு கொக்கின் கண்ணைக் குறிவைத்து எடுத்தால் கழுத்து தெளிவாக வருகிறது, கண் மங்கலாக வருகிறது. முதலில் லென்ஸைத் துடைத்தேன். பிறகு லென்ஸைக் கடையில் கொடுத்துச் சரிபார்த்தேன், ஒன்றுமில்லை என்றார்கள். அப்புறம் ஸ்டானி ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, கை நடுங்குதா குலசு, என்று கேட்டான், மெதுவாகத்தான் கேட்டான், ஆனால் பரிதி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான், உடனே குடுங்க சார் நான் கம்ப்யூட்டர்ல போட்டு ஷார்ப் பண்ணித் தர்றேன் என்றான். செய்தும் கொடுத்தான். அந்தக் கொக்கு இப்போது மிகத் தெளிவாக என் கம்ப்யூட்டரில் இருக்கிறது, நான் அதைத் திறப்பதில்லை.

"ஏதோ வந்திருக்கு" என்றாள் தையல். "வாசி" என்றேன். அவள் செய்தித்தாள் வாசிப்பதுபோல ஒரே சீராக வாசித்தாள். "இளம்பரிதி. வணக்கம். பயணத் திட்டம் இறுதி. இருபத்தாறாம் தேதி மத்தியானம் ரெண்டு மணிக்கு என் கார். அண்ணன் முன் சீட். சார் பின் சீட்டில் வசதியாகக் காலை நீட்டிக்கொள்ளலாம். தஞ்சாவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம். இருட்டுறதுக்குள்ள கோடியக்கரை. அப்புறம் ஒரு கட்டம் கட்டமா ஏதோ போட்டிருக்கார், மணி மணியா. அத வாசிக்கவா?" வேண்டாம் என்றேன். கட்டம் கட்டமாக. எனக்கு ஒரு நோட்டு இருக்கிறது, பச்சை அட்டை, பதினாலு வருஷம் எந்தத் தேதியில் கடல் நீர் எத்தனை மணிக்கு ஏறியது, சதுப்பில் எந்தப் பக்கம் எந்தப் பறவை ஒதுங்கி நின்றது, காற்று எந்தத் திசை, எல்லாம் பென்சிலில் எழுதி, கரையை மேலிருந்து பார்த்ததுபோல வரைந்தும் வைத்திருக்கிறேன். டிசம்பர் முதல் ஞாயிறு ஸ்டானி எங்கள் வீட்டுக்கு வருவான், அந்த நோட்டை மேசையில் விரிப்போம், தையல் காபி கொண்டுவந்து வைப்பாள், அவன் விரலை வைத்து இங்க போவோமா, இல்ல, இங்க போவோமா என்பான், நான் காற்று வாடையா இருந்தா இங்க என்பேன். அதுதான் பயணத்தில் பாதி. உண்மையைச் சொன்னால் பாதிக்கு மேல். இந்த வருஷம் முதல் ஞாயிறு வருவதற்குள் கட்டம் கட்டி முடித்துவிட்டார்கள். பின் சீட். பதினாலு வருஷம் அவன் பழைய காரில் நான் முன் சீட்டில் உட்கார்ந்து பிளாஸ்க்கைத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு போயிருக்கிறேன், அவன் கையை மட்டும் நீட்டுவான், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்க மாட்டான், நான் மூடியில் டீ ஊற்றி அந்தக் கையில் வைப்பேன். மன்னார்குடி தாண்டினால் அவன் பேச ஆரம்பிப்பான். அவன் மனைவி இறந்துபோன வருஷம் பற்றி, கோயம்புத்தூரில் இருக்கும் மகள் அவனோடு சரியாகப் பேசாததைப் பற்றி, வேறெங்கும் பேசாததை அந்த ரோட்டில் பேசுவான். இப்போது முன் சீட்டில் அவன், ஓட்டுகிறவன் பரிதி. பின் சீட்டுக்கு அந்தப் பேச்சு கேட்காது. அந்தக் கார் ஏசி வேறு இரையும்.

போன வருஷம் நான் போயிருந்தால் இதெல்லாம் இல்லை. போன வருஷம் கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது எனக்குக் காய்ச்சல், மூட்டுக்கு மூட்டு பிடித்துக்கொண்டது, எழுந்து நிற்க முடியவில்லை. ஸ்டானி வந்து பார்த்தான், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த வருஷம் வேணாம் விடு குலசு என்று சொல்வான் என்று நினைத்தேன், அவன் சொல்லவும் செய்தான், நான்தான் நீ போ, பரிதியைக் கூட்டிக்கிட்டுப் போ என்றேன். சும்மா சொன்னேன். மரியாதைக்குச் சொன்னேன். அவன் போய்விட்டான். இரண்டாம் நாள் காலை ஒன்பது மணிக்கு போன். எனக்கு அக்குளில் தெர்மாமீட்டர் இருந்தது. காற்று சத்தம், பிறகு அவன் குரல், மெதுவாக, பறவை கலைந்துவிடக் கூடாதென்ற குரல், குலசு, நண்டுதின்னிடா, ஏழு. பதினாலு வருஷம் இரண்டு பேரும் தேடிய பறவை. வெள்ளை உடம்பு, முதுகில் கறுப்பு, நண்டை உடைக்கிற தடித்த கறுப்பு மூக்கு, ஒரு முறை பார்த்தால் வேறெதுவென்றும் சந்தேகம் வராது. தூரத்தில் வெள்ளையாக எது நின்றாலும் அதுவா அதுவா என்று ஓடியிருக்கிறோம், ஒரு வருஷம் வெள்ளை பிளாஸ்டிக் குடத்துக்காக அரை மைல் சேற்றில் நடந்திருக்கிறோம், அதைச் சொல்லிச் சொல்லி அடுத்த நான்கு வருஷம் சிரித்திருக்கிறோம். ஏழு நின்றதாம். நான் சந்தோஷம் என்றேன். ரொம்ப சந்தோஷம் ஸ்டானி என்றேன். தெர்மாமீட்டர் நழுவிப் போர்வைக்குள் போய்விட்டது. அவன் அதுவரை என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்ததற்கும் அந்த டா-வுக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது, அப்படி ஒரு பிரியமான டா அவன் வாயிலிருந்து எனக்கு அதற்குமுன் வந்ததில்லை, அதுவும் இன்னொருத்தன் பக்கத்தில் நிற்கும்போது வந்தது. பிறகு பரிதி எடுத்த படம் வந்தது. ஏழும் வரிசையாக, தண்ணீரில் நிழலோடு. எல்லோரும் அந்தப் பறவைகளைத்தான் பார்ப்பார்கள். நான் படத்தின் இடது ஓரத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், அங்கே ஸ்டானியின் முதுகும் தோளில் தொங்கும் துண்டும் மங்கலாக விழுந்திருந்தது, அவன் கொஞ்சம் முன்னால் சாய்ந்து நிற்கிறான், அவன் அப்படிச் சாய்ந்தால் மூச்சு விடாமல் இருக்கிறான் என்று அர்த்தம். அதை எத்தனை தடவை பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு முதுகை.

நான்காவது சொட்டு. திறங்க, மேல பாருங்க, மூடிக்கங்க. திறந்த ஒரு நொடியில் எல்லாம் பாலில் முக்கி எடுத்ததுபோல இருந்தது, நர்ஸின் முகத்தில் கண்ணும் மூக்கும் கரைந்து போயிருந்தன, தையல் இருக்கும் பக்கம் ஒரு பச்சைப் பரப்பு, அது அவள் புடவை. அந்த நொடியில் பயந்துபோனேன். இது மருந்து, மருந்தினால் இப்படி, சாயங்காலம் சரியாகிவிடும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன், ஆனால் சரியாகாத ஒரு நாள் உண்டல்லவா, அப்பாவுக்கு ஒரு நாள் வந்ததல்லவா. அப்போது கோடியக்கரை என்ன. பரிதி காரை நிறுத்துவான், என்னைக் கையைப் பிடித்து இறக்குவார்கள், சார் இங்கயே உக்காருங்க, நாங்க போய்ட்டு வந்துர்றோம். நான் கரையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன், தூரத்தில் அவர்கள் இரண்டு பேரும் போவது சேற்றில் கால் உருவுகிற சத்தமாக மட்டும் கேட்கும். அதனால்தான் ஆஸ்பத்திரி விஷயம் ஸ்டானியிடம் சொல்லவில்லை. சொன்னால் ஐயோ பாவம் என்பான். ஐயோ பாவம் என்று அவன் நினைக்கும் ஆளாக அந்தக் காரில் ஏற எனக்கு இஷ்டமில்லை. ஓய்வு தேவை என்பதற்கே இப்படி இருக்கிறது.

"இன்னொண்ணு வந்திருக்கு" என்றாள் தையல். "சார், பக்கிரிசாமி அண்ணன் நம்பர் அனுப்ப முடியுமா? இந்த வருஷம் மழைக்கு அப்புறம் பறவை எந்தப் பக்கம் ஒதுங்குதுன்னு அவரிடம் கேட்டால் நல்லது. அண்ணனிடம் நம்பர் இல்லை, உங்களிடம்தான் இருக்கும் என்றார்." பக்கிரிசாமி. உப்பளத்தில் வேலை செய்கிறவர், சதுப்பின் ஒவ்வொரு திட்டும் அவருக்குத் தெரியும், எந்த இடத்தில் கால் வைத்தால் முழங்கால்வரை போகும் என்று அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அவர் என் ஆள். அவர் ஒருத்தர்தான் இன்னும் முழுக்க என் ஆள். பத்து நாளைக்கு முன் அவரே போன் செய்திருந்தார், சாரே, மழைத்தண்ணி நிறையக் கட்டிக்கிச்சு, எல்லாம் பழைய உப்பளக் கரைப் பக்கம் வந்துட்டுது, வழக்கமான எடத்துக்குப் போனா ஒண்ணும் பாக்க மாட்டீங்க என்றார். அதை நான் நோட்டில் எழுதினேன், ஸ்டானியிடம் சொல்லவில்லை. முதல் ஞாயிறு அவன் வரும்போது மேசையில் நோட்டை விரித்துவிட்டுச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். அவன் விரல் வழக்கமான இடத்துக்குப் போகும், நான் அங்க இல்ல என்பேன், அவன் நிமிர்ந்து என்னைப் பார்ப்பான். அந்த ஒரு பார்வைக்காகப் பத்து நாள் வைத்திருந்தேன். இப்போது நம்பரைக் கொடு என்கிறான் இவன். கொடுத்தால் இன்று மாலைக்குள் பக்கிரிசாமி அவனுக்கும் அண்ணன் ஆகிவிடுவார்.

"எழுது" என்றேன். "பக்கிரிசாமி நம்பர் மாறிட்டுது, புது நம்பர் என்கிட்ட இல்ல. வழக்கமான எடத்துக்கே போகலாம்னு எழுது."

தையல் எழுத ஆரம்பிக்கவில்லை. "அவரு அன்னைக்குக் கூட பேசுனாரே. நீங்க பால்கனியில நின்னு பேசுனீங்களே."

"சொல்றத எழுது தையலு."

அவள் விரல் நகம் போன் கண்ணாடியில் படும் சத்தம் கேட்டது. டக் டக்கென்று, நிறுத்தி நிறுத்தி. அனுப்பிட்டியா என்றேன். ம் என்றாள். அனுப்பியதும் காதுக்குள் சூடேறியது, யாரோ பார்த்துவிட்டதுபோல, இத்தனைக்கும் கண்ணை மூடியிருப்பது நான். வழக்கமான இடத்துக்குப் போவார்கள். காலை ஆறு மணிக்கு, பனியில், ஸ்டானி முட்டிவரை பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு, அவனுக்கு இடுப்பு சரியில்லை, அதோடு ஒன்றரை மைல் சேற்றில் நடந்து ஒன்றும் இல்லாத தண்ணீரைப் பார்த்து நிற்பான். நானும் பக்கத்தில் நிற்பேன். எல்லாம் தெரிந்தே நிற்பேன். இல்லை, அப்போது நான் சொல்லலாம், ஏன் ஸ்டானி, பழைய உப்பளக் கரைப் பக்கம் போய்ப் பார்ப்பமா, சும்மா ஒரு யோசனை என்று. அவர்கள் வருவார்கள், அங்கே பூநாரை ஆயிரக்கணக்கில் நிற்கும், பரிதி எப்படி சார் தெரிஞ்சுது என்பான். ஸ்டானி சொல்வான், அவனுக்குத் தெரியும்டா, குலசுக்குத் தெரியும். இதை நினைக்கும்போது நெஞ்சு கொஞ்சம் இதமாக இருந்தது, உடனே அருவருப்பாகவும் இருந்தது, அவன் இடுப்பு வலியோடு நடக்கும் அந்த ஒன்றரை மைலை நான் எதற்காக வாங்குகிறேன் என்று தெரிந்தது. தெரிந்தும் அழித்துவிடு என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு நிமிஷம் போகட்டும் என்றிருந்தேன். ஒரு நிமிஷம் போனது. இன்னொரு நிமிஷம். பக்கத்தில் யாரோ பெரியவர் இருமிக்கொண்டே ரிப்போர்ட் எங்கே ரிப்போர்ட் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார். தையல் இன்னும் டைப் செய்துகொண்டிருப்பது அப்போதுதான் காதில் விழுந்தது. நான் சொன்னது இரண்டு வரி. அவள் இரண்டு நிமிஷத்துக்கு மேலாகத் தட்டிக்கொண்டிருக்கிறாள்.

"யாருக்கு எழுதுற?" என்றேன்.

"ஸ்டானி அண்ணனுக்கு."

"குரூப்லயா?"

"இல்ல. தனியா." பிறகு அவளே சொன்னாள். "குரூப்ல பக்கிரிசாமி நம்பரைப் போட்டுட்டேன். அவரு உப்பளக் கரைன்னு சொன்னதையும் போட்டுட்டேன். நீங்க எழுதச் சொன்னத எழுதல."

எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது, எங்கே போவது, எந்தப் பக்கம் கதவு என்றே தெரியாது. தனியா என்ன எழுதின என்று கேட்டேன், என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. அவள் வாசித்தாள், பரிதியின் செய்தியை வாசித்த அதே சீரான குரலில். "அண்ணா, இவர் கண் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கிறார். நாலு மாசமாகக் கண் சரியாகத் தெரியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமே போன வாரம்தான் சொன்னார். உங்களுக்குத் தனி ரூம், இவருக்குத் தனி ரூம் என்று போட்டதில் மனசு கஷ்டப்படுகிறார். வாய்விட்டுச் சொல்ல மாட்டார். அதனால் நான் சொல்கிறேன். தையல்நாயகி." எனக்கு முகமெல்லாம் பற்றி எரிந்தது. ஐம்பத்தெட்டு வயசு ஆம்பளை எவன் பக்கத்தில் படுப்பது என்று மனசு கஷ்டப்படுகிறான் என்று எழுத்தில் போய்விட்டது. "நான் எப்ப உன்கிட்ட கஷ்டம்னு சொன்னேன்" என்றேன். "எதுக்கு சொல்லணும்" என்றாள். "எனக்குத் தெரியாதா அது எப்படி இருக்கும்னு." பிறகு, யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோல, கோபமே இல்லாமல், "பதினாலு வருசமா டிசம்பர் வந்தா ரெண்டு பேருக்கு இட்லி அவிச்சு மொளகாப்பொடி தடவிக் கட்டிக் குடுக்குறேன். காபி வைக்க வந்தா நீங்க ரெண்டு பேரும் பேச்ச நிறுத்திட்டுத் தேங்க்ஸ் சொல்வீங்க, நான் உள்ள போனதும் மறுபடி ஆரம்பிப்பீங்க. நீங்க திரும்பி வந்தா பத்து நாளைக்கு அவர் சொன்னது, அவர் சிரிச்சது. எனக்கு அந்தப் பூநாரையும் வேணாம் நண்டுதின்னியும் வேணாம். அந்தக் கார்ல அப்படி என்னதான் பேசுவீங்கன்னு கேக்கணும்னு இருக்கும். உங்களோட பேசுறதுக்குத்தான் எனக்கு முப்பது வருசம் இருக்குன்னு நெனச்சுக்குவேன். அப்புறம் நெனச்சுப் பாத்தா நாம அப்படிப் பேசுனதே இல்ல."

அவளுக்கு அப்படி ஒன்று இருக்கும் என்று, சத்தியமாக, எனக்குத் தோன்றியதே இல்லை. காபி வைத்துவிட்டுப் போகிறவள் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பாள் என்று யார் நினைத்தது. அவள் நின்றாளா என்று கேட்கப் பயமாக இருந்தது. அப்போது போன் ஒலித்தது, ஒரு செய்தி, உடனே இன்னொன்று. அவள் தனக்குள் வாசித்தாள். வாசி என்று நான் சொல்லவில்லை, எனக்கு இப்போது கேட்க உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை, அவளே வாசித்தாள். "தங்கச்சி, கண்ணுக்கு ஒன்றும் ஆகாது, டாக்டர் என்ன சொன்னாலும் உடனே சொல்லுங்கள். ரூம் விஷயம் பரிதி போட்டதில்லை, நான்தான் போடச் சொன்னேன். குலசு கொஞ்ச நாளாகத் தூங்கவில்லை என்று முகம் பார்த்தாலே தெரிந்தது. என் குறட்டை வேறு எதற்கு என்று நினைத்தேன். நான் சரியாகச் சொல்லியிருக்க வேண்டும். மன்னிக்கச் சொல்லுங்கள்." அவள் நிறுத்தினாள். அவன் பார்த்திருக்கிறான், என் முகத்தை அவன் பார்த்திருக்கிறான். இரண்டாவது செய்தியை அவள் உடனே வாசிக்கவில்லை. வாசித்தபோது குரலில் அந்தச் சீர் கொஞ்சம் குறைந்திருந்தது. "நீங்களும் வாருங்கள் தங்கச்சி. வருஷா வருஷம் குலசுவிடம் சொல்கிறேன். உங்களுக்கு வர இஷ்டமில்லை என்பான்."

சக்கர நாற்காலி திரும்பி வந்தது, அந்த ஒரு சக்கரம் கீச்சென்று.

"சொன்னாரா?" என்றாள்.

பொய் சொல்லலாம். கண்ணை மூடியிருக்கும்போது பொய் சொல்வது சுலபம் என்று கொஞ்சம் முன்னால்தான் பார்த்தேன். "சொன்னான்" என்றேன்.

"எத்தன தடவ?"

"ஒவ்வொரு வருஷமும்."

கார்த்திகை பிறந்ததும் கேட்பான். தங்கச்சியையும் கூட்டிட்டு வா குலசு, நல்லாருக்கும். நான் கொசு என்பேன், சேறு என்பேன், அவளுக்கு வெயில் ஆகாது என்பேன், அவளுக்கு முட்டி வலி என்பேன். முட்டி வலி அவளுக்கு வந்ததே மூன்று வருஷத்துக்கு முன்னால்தான். அவள் வந்தால் ஸ்டானி அவளோடு பேசுவான், அவன் அப்படித்தான், எல்லோரோடும் பேசுவான், மன்னார்குடி தாண்டியதும் அவன் சொல்வதையெல்லாம் அவளும் கேட்பாள், என்னைவிட நன்றாகவே பதில் சொல்வாள், அவளுக்கு அது வரும். அந்த ரோட்டில் எனக்கென்று இருந்தது பாதியாகிவிடும். இதை நான் இப்படி வார்த்தையாக ஒருநாளும் நினைத்ததில்லை, கொசு கொசு என்றுதான் நினைத்திருக்கிறேன், நானே நம்பியும் இருக்கிறேன். ஸ்டானிக்குப் பக்கத்தில் பரிதி வந்து உட்கார்ந்த அந்த இடத்தைப் பதினாலு வருஷம் நான் இப்படித்தான் பிடித்து வைத்திருந்தேனா. அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அழுவாளோ என்று பயந்தேன், அழுதால் எனக்கு அவள் முகம்கூடத் தெரியாது. அவள் பையைத் திறந்து மூடுகிற ஜிப் சத்தம் மட்டும் கேட்டது.

குலசேகரன், ஐம்பத்தெட்டு, என்று கூப்பிட்டார்கள். எழுந்தேன், கண்ணைத் திறந்தேன், வெளிச்சம் ஊசி ஊசியாக வந்து குத்தியது. அவள் வரமாட்டாளோ என்று ஒரு கணம் நின்றேன். வந்தாள், என் முழங்கையைப் பிடித்தாள், இறுக்கிப் பிடித்தாள், அதில் பிரியம் இருந்ததா கோபம் இருந்ததா என்று பிரிக்க முடியவில்லை, நான் வாசற்படியில் தடுக்காமல் இருக்க எவ்வளவு இறுக்கம் வேண்டுமோ அவ்வளவு. உள்ளே இருட்டு அறை, மோவாயை ஒரு தாங்கலில் வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டரம்மா, நெற்றியை முன்னால் அழுத்துங்க, என் காதைப் பாருங்க, மேல, கீழ. ஒரு பச்சை ஒளி கண்ணுக்குள் புகுந்து பின்மண்டைவரை போய்த் தேடியது. அப்பாவுக்குக் கண் அழுத்தம் என்று சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மறுபடி பார்த்தார், அந்த ஒன்றும் சொல்லாத நேரத்தில் நான் பூநாரையையோ ஸ்டானியையோ நினைக்கவில்லை, இருட்டில் இடதுபக்கம் தையல் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நரம்பு நல்லா இருக்குங்க, அழுத்தமும் சரியா இருக்கு, ரெண்டு கண்ணுலயும் புரை, இடது கொஞ்சம் முத்தியிருக்கு, அவ்வளவுதான் என்றார். பொங்கல் கழிச்சு ஆபரேஷன் வச்சுக்கலாம். டிசம்பர் கடைசியில ஒரு ஊருக்குப் போகணும், போட்டோ எடுக்கணும் என்றேன். போங்க, எடுங்க, வண்டி மட்டும் ஓட்டாதீங்க என்றார். நான் ஓட்டுவதில்லை என்றேன். தையல் டாக்டரிடம், நடக்கலாமா இவர், சேத்துல எல்லாம், என்று கேட்டாள். கூட ஆள் இருந்தா நடக்கலாம் என்றார் டாக்டரம்மா.

வெளியே நண்பகல் வெயில். கறுப்புக் கண்ணாடி கொடுத்திருந்தார்கள், அட்டையில் செய்தது, அதைப் போட்டும் ரோடு முழுக்கப் பளபளவென்று உருகி ஓடியது, பஸ்கள் நிறங்களாக வந்து நிறங்களாகப் போயின. ஆட்டோவில் என்னை முதலில் ஏற்றிவிட்டு அவள் ஏறினாள். கொஞ்ச தூரம் போனதும், டாக்டர் சொன்னதை அவருக்குப் போட்டுட்டேன் என்றாள். ம் என்றேன். "நானும் வர்றேன்னு போட்டுட்டேன்." நல்லது என்றேன். நல்லது என்பது போதாது என்று தெரிந்தது, மன்னிச்சுக்க என்று சொல்ல வேண்டும், இந்த ஆட்டோ சத்தத்தில் அதை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கும், டிரைவருக்கும் கேட்கும், வீட்டுக்குப் போனதும் சொல்லலாம். "ரெண்டாவது ரூம் நமக்கு" என்றாள். சரி என்றேன். அப்படியென்றால் ஸ்டானியின் குறட்டை பரிதிக்கே போய்விட்டது. அதிலும் எனக்கு ஒரு சின்னக் குத்தல் வந்தது, அதை வெளிக்காட்டாமல் வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அங்க குளிருமா?" என்றாள்.

எனக்குத் தெரிந்த கேள்வி. பதினாலு வருஷம் நோட்டில் எழுதிய கேள்வி. நான் அவள் பக்கம் திரும்பி, விடியக்காலையில கடல் காத்து அடிக்கும்போது காதுக்கு மட்டும் கட்டிக்கணும், எட்டு மணிக்கு மேல வெயில் ஏறிடும், நீ அந்த நீல ஸ்வெட்டர எடுத்துக்கிட்டா போதும், என்று சொல்லிக்கொண்டே போனேன், எப்போது கேட்டாலும் இதைச் சொல்லத் தயாராக இருந்தவன்போல. அவள் குனிந்தே இருந்தாள்.

"உங்களக் கேக்கல" என்றாள். நகம் கண்ணாடியில் தட்டும் சத்தம் கேட்டது. "அவருகிட்ட கேட்டுக்கிட்டு இருக்கேன்."

அடுத்த சிக்னல் வருவதற்குள் போன் ஒலித்துவிட்டது. அவள் வாசித்துவிட்டு மெல்லச் சிரித்தாள், எனக்கு வாசித்துக் காட்டவில்லை. ஸ்டானி எனக்கு இவ்வளவு சீக்கிரம் பதில் போட்டதே இல்லை.